உப்பேறிய கிணறும் உன் குடுவைச் செடிகளும்

என் கூடப் பிறந்த உயிரே, சுதாகரா,

தீர்ப்பு வந்துவிட்டது. முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று செங்கல்பட்டு கோர்ட் படி இறங்கும்போதே நினைத்தேன். அதற்குள் அம்மா படாளத்திலிருந்து போன் மேல் போன். எடுத்து, "மூணு பேருக்கும் ஆயுள் தண்டனைம்மா" என்றேன். உடனே கேட்டாள்: "ஏன், தூக்குல போடலியா?"

நம் அம்மாடா. கோழி அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்.

இதை உன்னைத் தெரியாதவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் நீ யார் என்று நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. செத்துப்போனவர்களை எல்லாம் சாந்த சொரூபியாக ஆக்கிவிடுகிறார்கள். உனக்கு அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. நீ முரடன். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் பல்லை உடைத்தாய். மறைமலைநகரில் வேலை பார்த்த கம்பெனியில் சூப்பர்வைசர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாய். அன்றைக்கே வேலையை உதறிவிட்டு வந்து, "நர்சரி போடப்போறேன்" என்றாய். அப்பா இருந்திருந்தால் உன்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்.

முதல் குடுவைச் செடியை நீ உனக்காக வாங்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க வாங்கினாய். அவள், "ஐயே, பூச்சி துன்ற செடியா? எனக்கு வாணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் போனாள். செடி தங்கிவிட்டது. உனக்கு வருத்தமே இல்லை என்பதைப் பார்த்து எனக்குத்தான் சந்தேகம் வந்தது, இவன் எதைக் காதலித்தான் என்று.

மாமல்லபுரத்துக்கு மேற்கே, கால்வாய்க்கு இந்தப் பக்கம், சித்தப்பா சும்மா போட்டிருந்த மணல் பூமியில் நிழல்வலை கட்டினாய். உள்ளே நுழைந்தால் ஈரம் முகத்தில் வந்து ஒட்டும். ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு நூல் நீண்டு, நூலின் முனையில் ஒரு குடுவை தொங்கும். பச்சை, சிவப்பு, ரத்தப் புள்ளி தெளித்தது போல ஒன்று. வருகிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "பூச்சி உள்ள போனதும் மூடி மூடிக்குமா?" நீ பொறுமையாகப் பதில் சொன்ன ஒரே கேள்வி அதுதான். மூடி மூடாது. மழைத்தண்ணி நிரம்பாமல் இருக்கத்தான் மூடி. விளிம்பில் வழுக்கி விழுகிறது எறும்பு, ஏற ஏற உள்சுவர் அதைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒருநாள் காய்ந்த குடுவை ஒன்றைப் பிளேடால் நீளவாக்கில் கிழித்து என் முன்னால் விரித்தாய். கறுப்பாகச் சேறு. அதில் எறும்புத் தலைகள், இறக்கைகள், ஒரு பல்லிக்குஞ்சின் முதுகெலும்பு, முடிபோல மெல்லிசாக. "சத்தமே இல்லாம கொல்லுது பாரு அக்கா. எவ்ளோ சுத்தம்!" என்றாய். எமர்ஜென்சி வார்டில் ராப்பகலாக ரத்தம் பார்க்கிற நானே இரண்டடி தள்ளி நின்றேன். நீ சிரித்தாய்.

அந்தச் செடிகளுக்கு உரம் ஆகாது, குழாய்த்தண்ணீர் ஆகாது, உப்பு ஒரு துளி ஆகாது. தண்ணீரில் உள்ள உப்பை அளக்கிற பேனா மாதிரி ஒரு மீட்டரைச் சட்டைப்பையிலேயே செருகி வைத்திருப்பாய். என் வீட்டுக் குடத்தில் முக்கினாய். டீக்கடை கிளாசில் முக்கி அடி வாங்கப் பார்த்தாய். மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைப்பாய், அது தீர்ந்தால் கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி ஊற்றுவாய். மணல் ஊற்றுக் கிணறு. இளநீர் மாதிரி இருக்கும் அந்தத் தண்ணீர். ஊர்ப் பெண்கள் குடத்தோடு உன் கேட்டுக்குள் வந்து போவார்கள், நீ ஒருநாளும் தடுத்ததில்லை.

அப்புறம் பக்கத்து மனையை லாரி தாமு என்று ஒருத்தன் வாங்கினான்.

ஆழ்துளைக் கிணறு போட்டான். ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் எண்ணிக்கை வேண்டாம். தண்ணி லாரிகள் வரிசையாக நின்று நிரப்பிக்கொண்டு பழைய மகாபலிபுரம் ரோட்டு அடுக்குமாடிகளுக்குப் போயின. மோட்டார் நிற்கவே நிற்காது. நல்ல தண்ணீர் மேலே போகப் போக, கீழே கடல் நகர்ந்து வந்தது. உன் கிணறு கரிக்க ஆரம்பித்தது. வடிகட்டி அடைத்துக்கொண்டது. குடுவைகள் நுனியிலிருந்து கருகின. அந்த வருஷம் மழையும் ஏமாற்றியது. ஊர்ப் பெண்கள் குடத்தைக் கிணற்றடியிலேயே கவிழ்த்துவிட்டுத் திட்டினார்கள்.

நீ தாமுவிடம் பேசப்போனபோது உன்னோடு செல்வராணி இருந்தாள். கடற்கரைக் குப்பத்திலிருந்து உன்னிடம் வேலைக்கு வந்தவள். அவள்தான் எனக்கு அந்தப் பேச்சை அப்படியே சொன்னாள்.

"தம்பி, உன் செடி பூச்சி துன்னுது. என் லாரி தண்ணி துன்னுது. அவனவன் பொழப்பு. வுடு" என்றானாம் தாமு.

"ஊரு பொம்பளைங்க உப்புத் தண்ணில சோறாக்கிகினு கீறாங்க அண்ணாத்த. இதான் உன் பொழப்பா?"

"அதுக்கு இன்னா பண்ண சொல்ற? கடலாண்ட போய்க் கேளு."

நீ அவன் மோட்டார் ஷெட்டுக்குள் புகுந்து ஒயரை எல்லாம் பிய்த்து எறிந்தாய். அதுதான் நீ. அவனுடைய ஆட்கள் உன்னைப் பிடித்து, உன் வலதுகையை லாரியின் பின்பலகை மேல் விரித்து வைத்து, ஜாக்கி ராடால் அடித்தார்கள். விரல்கள் உடையும் சத்தம் தனக்குக் கேட்டது என்று செல்வராணி சொன்னாள். சுள்ளி ஒடிகிற மாதிரி இருந்ததாம்.

செங்கல்பட்டில் என் ஆஸ்பத்திரிக்கு வந்து என் முன்னால் கையை நீட்டினாய். வீங்கி, ஊதாவாகி, கைமாதிரியே இல்லை. நான்தான் விரலுக்கு விரல் பட்டை வைத்துக் கட்டினேன். கட்டும்போது திட்டித் தீர்த்தேன். நீ அழவில்லை. "கட்டிங் எடுக்க வேண்டிய நேரம் அக்கா. இந்தக் கைய வெச்சிகினு எப்பிடி வெட்டறது?" என்றாய்.

அதனால் என் விடுமுறை நாட்களெல்லாம் உன் நர்சரியில் கழிந்தன. நல்ல கொடிகளை உப்பு முழுசாகப் பிடிப்பதற்குள் வெட்டித் தனியாக நட்டுவிட வேண்டும் என்று நீ துடித்தாய். ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை ஆட்டி ஆட்டிக் கத்துவாய்.

"ரெண்டு கணு வுட்டு வெட்டு. நேரா இல்ல, சாய்வா! பிளேடைத் தொடச்சியா?"

"ஆபரேஷன் தியேட்டர்ல நின்னவடா நானு. எனக்கே சொல்றியா?"

"இலையப் பாதியா நறுக்கு. முழுசா வுட்டா தண்ணி கேக்கும், வேர் இல்லாம எங்க போயி குடிக்கும்?"

வெட்டின இடத்தில் வேர்ப்பொடி தொட்டு, உப்பு போக அலசின தேங்காய் நார்க்கழிவில் நட்டு, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து இறுக்க வேண்டும். உள்ளே வியர்க்க வேண்டும். வேர்விட ஒரு மாதமும் ஆகலாம், நாலு மாதமும் ஆகலாம், தினமும் இழுத்துப் பார்க்கிறவன் கையில் பிழைக்காது. எல்லாம் நீ கத்திக் கத்தித்தான் என் மண்டையில் ஏறியது. கத்தலின் நடுவே ஒருமுறை மட்டும் மெதுவாக, "உனக்குக் கை நல்லா வருது அக்கா" என்றாய். அதைச் சொன்னதே உனக்கு நினைவில்லாமல் இருந்திருக்கும்.

நீ சும்மா இருக்கவில்லை. பெண்களைக் கூட்டிக்கொண்டு தாலுக்கா ஆபீசுக்கு நடந்தாய். சாலையில் காலிக் குடங்களைப் பரப்பி உட்கார்ந்தீர்கள். அதிகாரிகள் வந்து தாமுவின் ஆழ்துளைகளுக்குச் சீல் வைத்தார்கள். அன்றைக்கு நீ எனக்குப் போன் செய்து சத்தமாகச் சிரித்தது இன்னும் காதிலிருக்கிறது. "ஜெயிச்சிட்டோம் அக்கா!" என்றாய். "இன்னும் ஒழுங்கா மூச்சு வுடலடா, அதுக்குள்ள ஆடாத" என்றேன்.

மறுநாள் காலை, வெயில் ஏறும் நேரம், தாமு சீலை உடைத்துவிட்டு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். நீ கேட்டருகே நின்று இடதுகையால் போனில் படம் பிடித்தாய். இரண்டு பேர் வந்து உன்னைப் பிடித்தார்கள். ஒருத்தன் ராடால் அடித்தான், தலையைக் காக்க நீ கையைத் தூக்கியிருக்கிறாய். மண்ணில் சரிந்தாய். தாமு டிரைவரைப் பார்த்து, "ஏத்துடா" என்றான். டிரைவர் தயங்கினான். "ஏத்துடான்றேன்ல!" நிழல்வலைக்குள் நின்று இதையெல்லாம் பார்த்த செல்வராணி, தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். பொத்தாமல் கத்தியிருந்தால் அவளும் இன்றைக்கு இல்லை. அவளிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லையடா. உனக்கும் இருக்காது.

அன்றைக்கு எனக்குப் பகல் டூட்டி.

"லாரி ஆக்சிடெண்ட் கேஸ் சிஸ்டர், வர்ற வழிலயே போச்சு" என்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் துணியால் மூடியிருந்தது. நான் வழக்கம்போல நேரத்தைப் பார்த்தேன், கையுறையை மாட்டினேன். ஸ்ட்ரெச்சர் ஓரமாகக் கை ஒன்று தொங்கியது. அதில் நான் போட்ட கட்டு. மணிக்கட்டில் நான் ஒட்டிய பிளாஸ்திரி முனை எப்போதும் போல மடங்கி இருந்தது, நீ பல்லால் கடித்துக் கடித்து.

துணியை நான்தான் விலக்கினேன். வேறு யாரையும் விலக்க விடவில்லை.

சுதா, மார்பு இருக்க வேண்டிய இடத்தில் மார்பு இல்லை. எலும்பு சட்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே நின்றது. நான் நர்ஸ். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், நெடுஞ்சாலையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தவர்களை, தண்டவாளத்திலிருந்து கூடையில் கொண்டுவந்தவர்களை. கை நடுங்கியதில்லை. அன்றைக்கும் நடுங்கவில்லை, அதுதான் எனக்கே பயமாக இருந்தது. உன் இடது முன்கையைத் திருப்பினேன். நீளமாக, வரிவரியாக, ராடின் தடங்கள். சக்கரம் ஏறின தடம் வேறு, அடித்த தடம் வேறு. அடி வாங்கும்போது உனக்கு உயிர் இருந்திருக்கிறது, அதனால்தான் கன்றிப் போயிருக்கிறது.

"டாக்டர், இதையும் எழுதுங்க" என்றேன். டூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். என் முகத்தைப் பார்த்தாள், உன் கையைப் பார்த்தாள், ஒரு கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் எழுதினாள். போலீஸ் முதலில் விபத்து என்றுதான் போட்டார்கள். பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகு கொலை என்று மாற்றினார்கள். மாற்றும்வரை நான் ஸ்டேஷன் வாசலை விட்டு நகரவில்லை. டிரைவரைப் பிடித்தார்கள். தாமு, தான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றான். உன் போன் காணாமல் போயிருந்தது. செல்வராணி வாயைத் திறக்கவே பயந்தாள், அவள் வீட்டு வாசலில் யாரோ அரிவாளைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

உன் காரியம் முடிந்த கையோடு நான் நர்சரிக்குப் போனேன். மீதி உயிரோடிருக்கிற கொடிகளை வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைப்பு. செல்வராணியும் மீன் ஐஸ்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாதி வெட்டியிருப்போம். கேட்டை உதைக்கிற சத்தம் கேட்டது.

மூன்று பேர். இடம் காலியாக வேண்டும் என்று தாமு அனுப்பியிருக்கிறான். வந்ததும் வராததுமாக வலையைக் கிழித்தார்கள். தொங்கிய சட்டிகளைக் கழியால் ஒவ்வொன்றாக அடித்து நொறுக்கினார்கள். குடுவைகளிலிருந்த தண்ணீர் அவர்கள் முகத்தில் தெறித்தது. ஒருத்தன் துப்பிவிட்டு, "தூ, பொணநாத்தம்" என்றான்.

"வெளியே போங்கடா" என்றேன்.

"தம்பியத்தான் தூக்கிக் குடுத்துட்ட. நீ இன்னாத்துக்கு இங்க வந்துகினு கீற? வூட்டுக்குப் போய் அழு."

அதைச் சொன்னவன் பெயர் பாபு என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அந்த நிமிஷம் எனக்கு அவன் ஒரு தலை, அவ்வளவுதான். பந்தலுக்கு நட்டிருந்த இரும்புக் குழாய் சாய்ந்து கிடந்தது. எடுத்தேன். வீசினேன். தோளில் விழுந்தது. மறுபடி வீசினேன். என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் என்னுடையதே இல்லை. கொல்ல வேண்டும் என்று இருந்தது, சுதா. மறைக்க மாட்டேன். நீ கிழித்துக் காட்டிய அந்தக் குடுவைக்குள் கிடந்ததைப் போல அவனைக் கூழாக்க வேண்டும் என்று இருந்தது. பாபு பின்னால் சாய்ந்தான். நீ விதை முளைக்க வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்தான். கண்ணாடி அவன் மேல்கையின் உள்பக்கத்தைப் பிளந்தது.

ரத்தம் கொட்டவில்லை, பீச்சியது. நாடித் துடிப்புக்குத் துடிப்பு. தமனி அறுந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவன்கூட வந்த இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டு ஓடிவிட்டார்கள்.

குழாயைப் போட்டுவிட்டு அவன் மேல் மண்டியிட்டேன். இரண்டு கட்டைவிரலையும் காயத்துக்கு மேலே வைத்து எலும்போடு அழுத்தினேன். "செல்வராணி, நூத்தியெட்டுக்குப் போடு!" என்று கத்தினேன். அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. என்னையே பார்த்தான்.

"அக்கா... நான் வண்டி ஏத்தலக்கா."

"பேசாத."

"கைய மட்டுந்தான் புடிச்சிகினு இருந்தேன். தாமு அண்ணன்தான் ஏத்தச் சொன்னாரு. நான் கைய மட்டுந்தான்..."

உன் கையை. நான் கட்டுப் போட்ட கையை.

என் விரலுக்குக் கீழே அவன் உயிர் துடித்துக்கொண்டிருந்தது. விரலை எடுத்தால் போதும். அடிக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், சும்மா எடுத்தால் போதும். யாரும் என்னைக் கேட்க முடியாது. செல்வராணி என்னையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் அது புரிந்திருக்கிறது. "அக்கா" என்று மட்டும் சொன்னாள். எடு என்று சொன்னாளா, எடுக்காதே என்று சொன்னாளா? இன்றுவரை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான் இன்னும் அழுத்தினேன். அவன் வலியில் அலறுகிற அளவுக்கு. இரக்கம் என்று நினைக்காதே. "நீ சாகக் கூடாதுடா. கோர்ட்ல வந்து இத அப்பிடியே சொல்லணும். அதுவரைக்கும் உன்ன சாகவுடமாட்டேன்" என்று அவன் காதில் சொன்னேன். வண்டி வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். புடவை முந்தானையைக் கிழித்துக் கட்டி, கூடவே ஏறி, ஆபரேஷன் அறை வாசல்வரைக்கும் விரலை எடுக்காமல் போனேன்.

பிழைத்தான். போலீசிடம் எல்லாவற்றையும் சொன்னான். தாமுவையும் ராடால் அடித்தவனையும் பிடித்தார்கள். அவன் சொன்ன இடத்தில் உன் போனும் கிடைத்தது, மணலுக்குள், உடைந்து. அதில் ஒன்றும் எடுக்க முடியவில்லை. ஆனால் பாபு சொன்னது நின்றது. அவனே அப்ரூவர் ஆனான், அரசு சாட்சியாகித் தண்டனை தப்பினான். அவன் பேசினான் என்று தெரிந்ததும் செல்வராணிக்கும் பயம் விட்டது. சாட்சிக் கூண்டில் ஏறி, தாமுவை நேருக்கு நேராகப் பார்த்து, "இவன்தான் ஏத்துடான்னு சொன்னான். ரெண்டு தபா சொன்னான்" என்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் எவ்வளவு மிரட்டியும் அந்த இரண்டு தபாவிலிருந்து அவள் இறங்கவில்லை.

அதே வக்கீல் என்னைக் கேட்டார்: "பாபுவை நீங்க கொலைவெறியோட தாக்கினீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப உங்க சாட்சியத்த எப்படி நம்பறது?"

"அடிச்சதயே ஒத்துக்கிறேன். வேற எதுக்குங்க பொய் சொல்லப்போறேன்?"

நீதிபதி தலைநிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். நீ இருந்திருந்தால் விசில் அடித்திருப்பாய்.

தீர்ப்பு முடிந்து வெளியே வரும்போது பாபு வேப்பமரத்தடியில் நின்றான். ஒரு கை சரியாக மடங்குவதில்லை அவனுக்கு. "அக்கா, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா" என்றான். "மாட்டேன்" என்றேன். கொஞ்ச தூரம் போய்விட்டு, திரும்பிப் பார்க்காமல், "அந்தக் கைக்குத் தினமும் பயிற்சி பண்ணு, இல்லாட்டி இறுகிப்போயிடும்" என்றேன். இதற்கு மேல் என்னால் முடியவில்லை. முடிய வேண்டுமா? நீ என்ன நினைக்கிறாய்?

இனி உன் செடிகளின் சேதி. நீ இதற்காகத்தான் காத்திருப்பாய், தெரியும்.

நர்சரியில் நின்ற தாய்ச்செடிகளும் நாம் நட்ட துண்டுகளும் எல்லாம் போய்விட்டன. உப்பு தின்றது பாதி, உடைத்தது பாதி. செல்வராணி ஐஸ்பெட்டியில் காப்பாற்றிக் கொண்டுவந்த துண்டுகளைச் செங்கல்பட்டில் என் குவார்ட்டர்ஸ் பால்கனியில் நட்டேன். முதலில் வைத்தவை அழுகின. பூஞ்சைக்காளான் பஞ்சுபோல ஏறி, தொட்டால் வழுவழு என்று கையோடு வந்தது. கோபத்தில் ஒரு சட்டியைச் சுவரில் அடித்து உடைத்தேன். பிறகு உன் மீட்டரை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனேன். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் முக்கினேன். கிட்டத்தட்ட மழைத்தண்ணீர் மாதிரியே காட்டியது. இப்போது எங்கள் மாடியில் எல்லா ஏசிக் குழாய்க்குக் கீழேயும் என் குடம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கோடையில்தான் எனக்கு அறுவடை.

வேர் விட்டவை கைவிரலால் எண்ணுகிற அளவுதான். ஆனால் விட்டன. முதல் குடுவை திறந்த அன்று டூட்டிக்கு லேட்டாகப் போய்ப் பேச்சு வாங்கினேன்.

இன்னொன்று. இந்தச் செடிகளில் ஆண் வேறு பெண் வேறு, உன்னிடம் பூத்ததெல்லாம் ஆண் என்று புலம்பிக்கொண்டே இருப்பாயே? படூர் அடுக்குமாடியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். உன்னிடம் எப்போதோ செடி வாங்கினவராம். "பூ விட்டிருக்கு, சுதாகர் சார்கிட்ட காட்டணும்" என்றார். நீ இல்லை என்று சொன்னேன். எப்படி என்று கேட்டார். சொன்னேன். எந்த லாரி என்று கேட்டார். தாமுவின் பெயரைச் சொன்னேன். அவர்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் வந்ததே அவன் லாரிகளில்தானாம். "எங்கேர்ந்து வருதுன்னு நாங்க கேட்டதே இல்லீங்களே" என்று அழுதார். எனக்கு அப்போது அவர் மேல் வந்த ஆத்திரம் இருக்கிறதே! போனைத் தூக்கி எறியாமல் பிடித்துக்கொண்டிருந்ததே பெரிய காரியம். ஆனால் அது பெண் பூ. போனேன். உன் ஆண் செடியில் பூ வரும்வரை பொறுத்து, அதன் மகரந்தத்தைப் பல்குத்தும் குச்சியில் எடுத்துக்கொண்டுபோய், அந்த அம்மா டார்ச் பிடிக்க, நான் தடவினேன். அவர் செடி இரண்டாவது முறை பூத்தபோதுதான் பலித்தது.

விதை நூல்மாதிரி இருக்கிறது, மூச்சு விட்டால் பறக்கும். முளைத்துவிட்டன, சுதா. ஊசிமுனை அளவு குடுவைகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் மூடி இருக்கிறது, விளிம்பு இருக்கிறது. ஒன்றுக்குள் கண்ணுக்கே தெரியாத ஏதோ பூச்சி விழுந்து காலை உதறிக்கொண்டிருந்தது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பாற்றத் தோன்றவில்லை.

உன் கிணறு இன்னும் கரிக்கிறது. கடல் ஒருமுறை உள்ளே வந்தால் லேசில் திரும்பிப் போகாது என்று சொல்கிறார்கள். தாமுவின் மோட்டார்கள் நின்றுவிட்டன. ஆனால் போன வாரம் செல்வராணி போன் செய்தாள். தெற்கே இரண்டு ஊர் தள்ளி வேறு ஒருத்தன் துளை போட்டிருக்கிறானாம். வேறு லாரிகள், அதே வரிசை. அங்கேயும் பெண்கள் குடத்தோடு சாலைக்கு வந்துவிட்டார்கள். "அக்கா, நாம போவ வாணாமா?" என்றாள். போனோம். தாமு அப்பீல் போடுவான், வெளியே வந்தாலும் வருவான் என்று அங்கே ஒருத்தன் என் காதுபடச் சொன்னான். சொல்லட்டும்.

அம்மாவுக்கு நான் அங்கே போனது தெரிந்துவிட்டது. திட்டவில்லை. படாளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் வீட்டுக் கதவருகே உட்கார்ந்துகொண்டாள். நான் திரும்பி வரும்வரை உள்ளே போகவே இல்லை. என் கை கால்களைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அதனால் உனக்கு ஒரு வாக்கு, சுதா. எந்த ஊரில் எவன் துளை போட்டாலும் போவேன், நிற்பேன், கத்துவேன், கோர்ட்டுக்கு இழுப்பேன். ஆனால் உன்னைப் போல ஆகமாட்டேன். நடுவீட்டில் கிடத்தி அழ அம்மாவுக்கு ஒரு பிள்ளை போதும். ஒவ்வொரு முறையும் நான் உயிரோடு வீட்டுக்கு வருவேன்.

உன்னைச் சுமந்து திரிந்த இடுப்பு இன்னும் வலிக்கிற,
உன் வளர்மதி அக்கா